பீர்மேட்டுக்கு ஏறிய ஆறு பெட்டிகள்

நான் வண்டிக்காரன். வேலந்தாவளம் சந்தையில் மாடு ஏற்றுவேன். சந்தை இல்லாத நாளில் தேங்காய். படம் ஏற்றியது ஒரே ஒரு தடவை.

பாலக்காட்டில் ஒரு மியூசியம். அங்கிருந்து கையால் வரைந்த ஆறு படங்கள் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே பழைய தேயிலை ஃபேக்டரியில் சின்னதாக ஒரு மியூசியம் இருக்கிறது. இந்த மாதிரிப் படங்கள் சின்ன ஊருக்கும் போகட்டும் என்று ஒரு அறக்கட்டளை செலவை ஏற்றது. பெட்டி, இன்சூரன்ஸ், மலையில் கூரை மாற்றியது, ஈரம் உறிஞ்சும் மெஷின், எல்லாம் அவர்கள் கொடுத்தது. மேலே கடைசி இரண்டு வளைவில் மண் சரிந்திருந்தது. பெரிய வண்டி திரும்பாது. என் சின்ன லாரி திரும்பும். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

வண்டிக்கு மூடிய கூண்டு கட்டினார்கள். இரண்டு தடவை கழுவினார்கள். மருந்து அடித்தார்கள். பாலக்காட்டு மியூசியத்து மேடம் டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்தார். படத்தோடு கூடவே வருவது அவர் வேலை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான். குலுங்கக் கூடாது" என்றார்.

குலுங்காமல் கொண்டுபோக எனக்குத் தெரியும். சினை மாடு ஏற்றினால் பலகைக்கு அடியில் வைக்கோல் பரப்புவோம். அன்று சாயங்காலம் வீட்டில் இருந்த புது வைக்கோலைப் பரப்பி, மேலே பலகை போட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

மறுநாள் விடியும்போது பெட்டிகளை ஏற்றிக் கிளம்பினோம். பொள்ளாச்சி, தேனி, கம்பம். குமுளி ஏறும்போது மழை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

அந்த மியூசியத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு அம்மா. தோட்டத்திலேயே பிறந்தவர். மழையில் வாசலிலேயே நின்றார். பெட்டிகளைப் பார்த்ததும் கும்பிட்டார். என்னையா, பெட்டியையா என்று தெரியவில்லை.

நாலு பேர் பிடித்து இறக்கினோம். ஆறாவது பெட்டியை இழுத்தபோது பலகை நகர்ந்தது. வைக்கோல் தெரிந்தது. மழைத் தண்ணீர் அடிவழியாக ஏறி ஈரமாக இருந்தது. அதில் சின்னப் பூச்சி ஊர்ந்தது.

மேடம் அப்படியே நின்றுவிட்டார். "இது யாரு வச்சது?"

"நான்தானுங்க போட்டேன். குலுங்கக் கூடாதுன்னீங்களேங்க."

"பூச்சி படத்தைத் தின்னும் அண்ணா. துணியை, கட்டையை, பசையை, எல்லாத்தையும் தின்னும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக? நாலு வருசமா எழுதி எழுதிக் கேட்டது. மலையில மஞ்சு மூட்டம், ஈரம், தர மாட்டோம்னாங்க. இப்பத்தான் தந்தாங்க."

நான் குனிந்து வைக்கோலை வாரத் தொடங்கினேன்.

மேடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். ஒரு பெட்டிக்குள் ஒரு பூச்சி இருந்தாலும் ஆறும் திரும்பிப் போகும். மறுபடி இந்த மலைக்கு யாரும் படம் தர மாட்டார்கள்.

பெட்டிகளைப் படம் மாட்டும் அறைக்குள் விடவில்லை. வெளி அறையில் வைத்தோம். பெட்டி பெட்டியாகத் துடைத்தோம். விளிம்பில் ஒட்டிய துரும்பை நான் கையாலேயே எடுத்தேன். இருட்டுவதற்குள் ஒரு துரும்பு இல்லை. வைக்கோலைத் தூரக் கொண்டுபோய் டீசல் ஊற்றி எரித்தேன்.

ஆனாலும் உடனே திறக்கவில்லை. மலைக் குளிருக்குப் படம் ஒரு நாள் பழக வேண்டுமாம். புதுசாக வாங்கிய மாட்டை நாங்களும் ஒரு நாள் சும்மா விடுவோம். படத்துக்கும் அப்படி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் ஊருக்குப் போகவில்லை. வண்டியில் இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் திறந்தார்கள். மூடிக்கு ரப்பர் விளிம்பு. அதற்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் பஞ்சு மாதிரி ஒன்று. அதற்குள் காகிதம். அதற்குள் சிலேட்டு அளவு ஒரு படம். இத்தனையும் இத்தனூண்டுக்கா என்று நினைத்தேன்.

பிறகு பார்த்தேன். ஒரு சொம்பில் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர் இப்போதுதான் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. அசையும் என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தட்டினால் சிந்திவிடும்.

மேடம் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், சட்டம், ஆணி. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது பெட்டி. மூன்றாவது. கூரையில் மழைச் சத்தம் மட்டும். ஆறாவதை முடித்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் இல்ல. உள்ள ஒண்ணுமே இறங்கல."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் அறிக்கையில் வைக்கோலையும் எழுதினார். "மறைக்கக் கூடாது அண்ணா. நீங்களும் கையெழுத்துப் போடணும்." போட்டேன். எனக்குக் கையெழுத்துப் போட நேரம் ஆகும். பொறுத்திருந்தார்.

மேடம் போனில் அனுப்ப, அறக்கட்டளைக்காரர்கள் அதைப் படித்தார்கள். படங்கள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் கதவு திறந்தது.

கொழுந்து எடுக்கும் பெண்கள் வேலை முடிந்து நேராக வந்தார்கள். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டார்கள். சொம்புப் படத்தின் முன்னால் ஒருத்தி ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் நின்றவள் இடித்தாள்.

"என்னடி, தாகமா? குடிச்சுக் கிடிச்சிராத."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் வண்டியில கொண்டாந்தீகளாக்கும்?"

"ஆமாங்க."

"வழியில ஒரு தடவகூடத் தொறந்து பாக்கலியா?"

"பெட்டி மூடியிருந்துச்சுங்க."

"இது உள்ள இருக்குன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா மண்ணு சரிஞ்ச அந்த வளைவுல என்னால வண்டி திருப்பியிருக்க முடியாதுங்க."

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.