ஊரடங்கில் பழகிய ஆட்டம்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்து ஊரடங்குக்கு நன்றி சொல்லும் தோட்டத்து ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்தபோது கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்த வேலி அதைவிடக் கெட்டி. பெற்றவள் எதிரே புருஷன் பெண்டாட்டியோடு பேசக் கூடாது. பேசினால் பொண்டாட்டிதாசன் என்பார்கள். அந்தப் பெயருக்குப் பயந்து என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்ல வேண்டியதையும் அவர் அம்மாவிடமே சொல்வார். இருந்ததோ ஒரே அறை. அத்தை இல்லாத நேரம் ஏது? எனக்கு ஆத்திரம் பொங்கியது. திருவிழாவுக்கு வரும் அப்பாவோடு தங்கா பத்து ஊரில் இருந்த தாய் வீட்டுக்கு விருந்தாடப் போவதுபோல் போய், திரும்பாமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்து, சேலைகளை மூட்டை கட்டிவிட்டேன்.

அந்த வருஷம் கோயில் மேடைக்கு ஒரு புது நாட்டிய நாடகம். சாமி கதை இல்லை. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் சீவுகிறவனும் அவன் காதலியும். பெண்கள் மேடை ஏறாத காலம், அதனால் ஒல்லியான என் வீட்டுக்காரருக்குக் காதலி வேஷம். இருட்டிவிட்டால் ஊரடங்கு, வெளியே கூடி ஒத்திகை பார்க்க முடியாது, வீட்டிலேயே ஆடிப் பழக வேண்டும். எதிரே ஆடக் காதலன் வேண்டுமே? "கோயில் காரியமாச்சே, நீ போய் நில்லு புள்ள" என்று அத்தையே என்னைத் தள்ளிவிட்டார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் ஒதுங்கி ஒதுங்கி ஆட, நான் குறுக்கே போய் மறித்து ஆடினேன். வெட்கப்படத் தெரியாமல் கழுத்துச் சுளுக்கியவர்போல் அவர் குனிந்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் காதலன் வசனம்.

"ஏன் பேச மாட்டேங்கற? என்னைப் பிடிக்கலயா?"

சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. காதலி பதில் பேசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். அவர் ஓடவில்லை.

"பிடிக்காம என்ன? ஊர் சிரிக்கும்னு பயந்துட்டேன். இனிமே பேசுறேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "வசனம் நல்லாருக்குலா" என்றார்.

மூட்டையை நான் உடனே அவிழ்க்கவில்லை. ஒரு பேச்சில் மனுஷனை நம்பிவிட முடியுமா? ஆனால் தினமும் அந்திக்கு, ஆட்டத்தின் நடுவே, மரம் சீவும்போது கத்தி பட்ட விரல் ஆறிவிட்டதா, அப்பா நினைப்பா என்று கேட்டுக்கொண்டே ஆடினார். நானும் பதில் சொல்லிக்கொண்டே ஆடினேன். திருவிழாவுக்கு முந்தின நாள் சேலைகள் கொடிக்குத் திரும்பிவிட்டன.

நாடகத்தைப் பகலிலேயே போட்டார்கள். காதலன் கேட்டான், என் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார். கூட்டம் விசிலடித்தது.

பெண்கள் பக்கம் என்னோடு உட்கார்ந்திருந்த அத்தை பதறினார். "அந்த நல்ல வசனத்த முழுங்கிட்டானே!"

"அது மேடைக்கு இல்ல, அத்தை."

என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆட்டம் முடிந்து அப்பா வந்தார். "கெளம்பலாமா தாயி? பஸ்ஸு போயிரும்." நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்தே வரட்டும், சம்பந்தி. பேசிக்கிட்டே வருவாங்க."

சர்க்கரைக்கும் பங்கீடு இருந்த காலம். அன்று சாயங்காலம் அத்தையின் கோப்பியில் என் பங்கையும் சேர்த்துப் போட்டுக் கலக்கினேன்.