பாலை மரத்துத் தேமல்

மரப்பட்டையில் படைபோல ஒட்டி வளரும் இலைக்கனைத் தேடிப் போவது அமைதியான தொழில் என்று நம்பி, என்னைப்போலவே வந்து சிக்கிக்கொண்டவர்களுக்கு என் அனுதாபங்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். யுத்தத்துக்கு நடுவில் கிடைத்த முதல் வேலை, அரிதாகிவிட்ட ஒரு சாம்பல்நிற இலைக்கனைக் கண்டுபிடித்துக் காப்பது. கிளிவெட்டிப் பக்கம் காட்டோர வீதியில், ஒரேயொரு பாலை மரத்தில்தான் அது அகப்பட்டது.

சோதனைச் சாவடி

பையில் பூதக்கண்ணாடியும் சிறு கத்தியும் இருந்ததால் சிப்பாய் என்னை மறித்தான். மரத்தில் உள்ள படையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "மருந்தா?" என்றான். இல்லை. "சாப்பிட ஏலுமா?" ஏலாது. "விக்க?" அதுவும் ஏலாது. பூதக்கண்ணாடியால் தன் பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் கவலையோடு கேட்டான்:

"வீட்டில அம்மா தெரியுமா, நீ இந்த வேலை?"

வைத்தியம்

மரத்தடியில் மாடு கட்டும் வேலுப்பிள்ளை அண்ணரிடம், இந்த மரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது ஒரு பக்கப் பட்டை பளிச்சென்று சுரண்டப்பட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசப்பட்டிருந்தது. நான் பூதக்கண்ணாடியை எடுத்து, மிஞ்சியதைத் தேடினேன். அண்ணருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி கவலைப்பட்ட மாதிரி ஒண்டுமில்லை, வெறும் தேமல்தான். மற்றப் பக்கத்தையும் நாளைக்குச் சுரண்டிவிடுறன்."

மஞ்சள் வளையம்

மிஞ்சிய பாதியையாவது காப்பாற்ற, அலுவலகம் சொன்னபடி மரத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்றால் வளையம் போட்டேன். அந்த நேரம் பார்த்து, வீதியோர மரங்களை வெட்டி வெளியாக்கச் சொல்லி ஆமிக்காரர் உத்தரவு போட்டார்கள். கிண்ணியாவிலிருந்து மரம் தறிப்பவர்கள் வந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாலை சரிந்து கிடந்தது. அவர்கள் ஊரில், வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் வளையம் போடுவார்களாம்.

"ஏன் நானா, நிக்கிற மரமெல்லாம் இருக்க இதையா முதல்ல தறிச்சீங்கள்?" என்றேன், அவர்களில் மூத்தவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு. சரிந்த மரத்தின் பக்கத்திலேயே குந்திவிட்டேன். அவர் பதறிப்போனார். கோடரியை வைத்துவிட்டு, இலைக்கன் இருந்த பட்டையைத் துண்டு துண்டாக உரித்துத் தந்தார். அதைக் காட்டுக்குள் கொண்டுபோய் வேறொரு பாலையில் கட்டப்போகிறேன் என்றதும், காட்டோரம் வரை பின்னாலேயே வந்தார்.

"எந்த மரமெண்டு மட்டும் காட்டுங்க தம்பி, நாங்க பாத்துக்கொள்ளுறம்."

மாரி முடிய ஒரு துண்டு புது மரத்தில் பிடித்துக்கொண்டது; அது எந்த மரம் என்று இன்றுவரை அலுவலகம் உட்பட ஒருவருக்கும் நான் சொல்லாததுதான், இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே உருப்படியான பாதுகாப்பு.