ஸ்டீபன் அடித்த கோல்

முறிவெண்ணெயின் நெடி எங்கிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் கால் தரிக்காது. பச்சிலையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து காய்ந்த அந்த வாசனை சின்ன வயதில் வீட்டுக்குள் புகுந்துவிட்டால், பூதலிங்கம் மாமா கல்கத்தாவிலிருந்து வந்துவிட்டார், வலது முழங்காலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, இடது காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்கு வந்த எங்கள் குடும்பத்தில், பந்தை உதைத்துச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள். பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறி, முதலில் ஒரு சின்ன கிளப், பிறகு பெரிய கிளப், முன்வரிசையில் ஒன்பதாம் எண் சட்டை என்று வளர்ந்தவர். திருவனந்தபுரத்துக்காரர் என்று பத்திரிகைகள் எழுதினாலும், திருவனந்தபுரத்தில் அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு ஒரு நோட்டு இருந்தது. மலையாளப் பத்திரிகைகளில் வந்த படங்களை ஒட்டி, அவர் கடிதத்தில் சொல்லும் ஒவ்வொரு கோலையும் எழுதிவைப்பேன். பள்ளிக்கூடத்து மொழி மலையாளம் என்பதால் நோட்டும் மலையாளம்தான். "இடது கால். மழை. கோல்கீப்பர் வழுக்கி விழுந்தான்." "தலையால். மாமா தலையால் அடிப்பது அபூர்வம்."

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது, மாமாவுக்கு முப்பத்திரண்டு. முந்தைய ஆண்டு முக்கால்வாசி ஆட்டங்களில் வெளியே உட்காரவைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டுக்கு எடுப்பதா வேண்டாமா என்று கிளப் கடிதம் போடும், அதுவரை முழங்காலைக் காப்பாற்ற வேண்டும், வேறெங்கும் ஆடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். அம்மா காவல் இருந்தாள். "எலே, இருபத்தொரு நாளு அனங்கப்பிடாதுன்னு வைத்தியரு சொன்னாரா இல்லையா?" என்பாள். "சொன்னாருக்கா" என்பார் மாமா, காலை ஆட்டிக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைத்தியரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குழந்தை கூடப் போகிறதே என்று அம்மா சந்தேகப்படவில்லை. கிழக்கேகோட்டையில் நெய்யாற்றின்கரை பஸ் ஏறியபோதுதான் என் துணிப்பை வழக்கத்தைவிடக் கனப்பதைக் கவனித்தேன். நோட்டுக்குக் கீழே, பேப்பரில் சுற்றிய பூட்ஸ்.

"மக்கா, அங்க எனக்குப் பேரு ஸ்டீபன். மாமான்னு விளிக்கப்பிடாது, கேட்டியா. கிளப்புக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் கிடையாது."

"அப்பம் எதுக்குப் போறிய?"

"வீட்டுல இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும்."

'செவன்ஸ்' என்று அதற்குப் பெயர். அறுவடை முடிந்த வயலில் ஏழேழு பேர் ஆடும் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் உட்கார, கமுகுத் தடிகளைக் கட்டி எழுப்பிய காலரி. ஒரு ஜீப்பின் மேல் ஒலிபெருக்கி. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கள் அங்கே இரவல் பெயரில் இறங்குவதும், தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருப்பதும் வழக்கம். எனக்கு மட்டும்தான் அந்த வழக்கம் தெரியாது.

காலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மார்த்தாண்டத்துக்காரர், ஏதோ ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அரை மணிக்குள் மாமா ஒரு கோல் போட்டார். முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று பந்தை வாங்கி, எல்லோரும் வலப்பக்கம் சாய, இடது காலால் திரும்பி அடித்தார். நோட்டில் நான் எத்தனையோ முறை எழுதிய அந்தத் திரும்பல், கண்முன்னே. "கோல் போட்டது ஸ்டீபன்" என்றது ஒலிபெருக்கி.

மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா மோளே? கல்கத்தால ஒரு பூதலிங்கம் இருக்கான், நம்ம ஊர்க்காரன்னு பேப்பர்ல போடுவானுவ. இந்த ஸ்டீபனுக்க முன்னால அவன் ஒண்ணுமில்ல. கோல் வாசல்ல கெடந்து உறங்குவான்."

எனக்குக் காது சூடேறியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

"அவனெ ஒக்கெ எதுக்கு சம்பளம் குடுத்து வச்சிருக்கானுவளோ."

"அவருதான் இவரு" என்றேன்.

"எவரு?"

"பூதலிங்கம். எங்க மாமா."

"பின்னே. நானாக்கும் முதல்மந்திரி."

அவ்வளவுதான். பையைத் திறந்து நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தேன். மாஸ்டர் படத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு நோட்டோடு எழுந்து ஓடினார், ஜீப்பை நோக்கி.

இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒலிபெருக்கி மாமாவின் முழுப் பெயரையும் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், என் நோட்டிலிருந்து வாசிக்கவும் தொடங்கியது. மழையும், வழுக்கிய கோல்கீப்பரும், அபூர்வமான தலையும் வயல் முழுக்கக் கேட்டன. காலரி எழுந்து நின்று பூதலிங்கம், பூதலிங்கம் என்று கூவியது. மாமா நின்றுவிட்டார். பந்து அவர் காலைத் தாண்டி உருண்டு வெளியே போனதைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார், கண்டார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டென்று குனிந்து முழங்கால் துணியை அவிழ்த்து வரப்பில் எறிந்துவிட்டு, அதுவரை ஆடாத ஓர் ஆட்டம் ஆடினார். இன்னொரு கோல். அதே இடது கால்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் ஓடிவந்து நோட்டை என் பையில் திணித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி. மாதம் முடிவதற்குள் கிளப்பின் கடிதம் வந்தது. மாமா படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "முட்டு சரியில்லைங்கானுவ" என்று அம்மாவிடம் சொன்னார். நான் நோட்டைத் தொடுவதை விட்டேன். கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தேனே தவிர கேட்கவில்லை.

கேட்டது போன மாதம்தான். தம்பானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருக்கிறார் மாமா, மேசைக்கடியில் இப்போதும் கால் ஆடுகிறது. பதிவேட்டில் பொய்ப் பேர் எழுதுகிறவனை உடனே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதத் தொடங்கும்போ பேனாவ ஒரு நிமிசம் தூக்கிப் பிடிப்பான் மக்கா."

"மாமா, அந்தக் கடிதாசி என்னாலயா?"

"ஆமா" என்றார் உடனேயே. "அந்தப் பேப்பர் துண்டையும் சேர்த்துல்லா அனுப்பியிருந்தானுவ."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, பொறவு நீ எந்தக் காலரிலயாவது போயி வாயத் தெறந்திருப்பியா?"

அவர் ஆடிய வயலில் இன்று கல்யாண ஆடிட்டோரியம் நிற்கிறது. கோல் கம்பம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஜீப்பும் இல்லை, கமுகுத் தடிக் காலரியும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, எழுதாமல் விட்ட பக்கத்தை அவர் முன்னால் திருப்பினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "முதல் பாதி. இடது கால். ஸ்டீபன்" என்று மளமளவென்று எழுதினார். அடுத்த வரியில் "இரண்டாம் பாதி. இடது கால்" வரைக்கும் அதே வேகம். அதற்குமேல் எழுதாமல், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். மேசைக்கடியில் கால் ஆட்டம் நின்றிருந்தது.