ரயிலின் மற்றப் பாதி

கண் டொக்டர் இனிக் கார் ஓட்டவே கூடாது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு எல்லார் மீதும் கோபம். டென்மார்க்கின் சின்ன ஊரான எங்கள் பிராண்டேயில் கார் இல்லாமல் கடைக்குப் போகலாம், அவ்வளவுதான். தூரத்தில், தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகள் உடனே தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நல்ல பிள்ளைதான். ஆனால் மகளின் வீடே என்றாலும், சீனி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாழ எனக்கு விருப்பமில்லை. துணையில்லாமல் போய்வருவேன் என்று காட்டாவிட்டால் என் வீட்டை விற்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் புலம்பித் தள்ளியது இரண்டு சினேகிதிகளிடம். ஒருத்தி, நான் ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வயர் பூட்டியவள். மற்றவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். பெந்தெகொஸ்தே சபைக்காரி, ஜெபிக்காமல் தண்ணீரும் குடிக்கமாட்டாள். இருவரும் பேசி, ஒரு சனிக்கிழமை என்னை ரயிலில் ரீபேக்குக் கூட்டிப்போவதென்று முடிவு கட்டினார்கள். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். இத்தனை காலம் இங்கே இருந்தும் மூவருமே பார்த்ததில்லை. எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடுகளிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் போய்விட்டன.

"காரிலை போனால் கெதியாப் போயிடலாமே?" என்றேன்.

"உங்களுக்கு ரெயின் பழக்கத்தான் அக்கா போறம்," என்றாள் தொழிற்சாலைக்காரி.

வைலேயில் மாறி, மேற்கே போகும் ரயிலில் வசதியாக உட்கார்ந்தோம். பசித்தது. பையில் புட்டும் மீன் பொரியலும் இடிச்ச சம்பலும் இருந்தன. பெட்டி நிறைய டெனிஷ்காரர். மூடியைத் திறந்தால் மணம் எல்லாருடைய மூக்கிலும் ஏறும் என்று ஒரே கூச்சம். அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் எங்களுக்குத் தாங்காது. ஆகவே பைகளைத் தூக்கிக்கொண்டு, பெட்டி பெட்டியாகப் பின்னால் நடந்து, ஆளில்லாத மூலை ஒன்றில் போய் அமர்ந்தோம்.

சபைக்காரி கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். சாப்பாட்டுக்காக, பயணத்துக்காக, ரயில் ஓட்டுபவருக்காக, என் கண்ணுக்காக, என் மகளுக்காக. இடையில் ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. ஒலிபெருக்கி டெனிஷில் ஏதோ நீளமாகச் சொன்னது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவே எப்படி வாய் திறப்பது? நான் சைவக்காரிதான், ஆனாலும் மரியாதை என்று ஒன்று உண்டே. திறந்த கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொல்லி முதல் வாய் புட்டு வைத்தபோது ரயில் கிளம்பியது.

டிக்கெட் பார்க்க வந்தவர்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த நிலையத்தில் ரயிலை இரண்டாகக் கழற்றுவார்களாம். நாங்கள் முதலில் இருந்த முன்பாதி மேற்கே போய்விட்டது. நாங்களும் மீன் பொரியலும் இருந்த பின்பாதி தெற்கே, ஜெர்மன் எல்லைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ அக்கா, எல்லாம் என்னாலைதான்!" சபைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீர் சும்மா இரும். ரெயின் ஓட்டுறவருக்குச் செபிச்சனீர். எந்தப் பாதியை ஓட்டுறவர் எண்டு சொல்ல மறந்திட்டீர்," என்றேன் நான்.

மூவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அடுத்த நிலையத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது, காரைத் தவிர வேறொன்றிலும் போகாத அந்த இருவருக்கும் ரயிலைப் பற்றி என்னளவுகூடத் தெரியாதென்று. ஒருத்தி கைபேசியை இப்படியும் அப்படியும் தேய்த்தாள். மற்றவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ அறிவிப்புப் பலகை வெறும் மங்கல். வாசிக்கத்தானே முடியாது, வாய் இருக்கிறதே! நாயோடு நின்ற ஒரு பெண்ணிடம் போய், எனக்குக் கண் சரியில்லை, ரீபேக்கு எப்படிப் போவது என்று டெனிஷில் கேட்டேன். கண் சரியில்லை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எந்த ரயில், எந்த மேடை, எங்கே மாறுவது எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மாறிய இடத்திலெல்லாம் யாரையாவது கேட்டேன். இருவரும் சாப்பாட்டுப் பையோடு என் பின்னால் வந்தார்கள்.

ரீபேயில் இறங்கியபோது பின்னேரமாகிவிட்டது. தேவாலயக் கோபுரத்தில் ஏற நேரம் தப்பிவிட்டது. கல் பதித்த ஒடுங்கிய தெருக்களில், சரிந்து நிற்கும் பழைய வீடுகளுக்கிடையே, ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்து நடந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு மரக்கம்பம். பழைய வெள்ளங்கள் எவ்வளவு உயரம் வந்தன என்று அதில் வளையங்கள் போட்டிருந்தார்கள். மேல் வளையம் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைக்காரி என் கையைப் பிடித்துத் தூக்கி, "இன்னும் மேலை அக்கா, இன்னும் மேலை," என்று காட்டினாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையில்லாத நாளில், வாசலில் கார் நிற்க, எனக்காக ரயிலில் அலைய வந்தவர்கள். இப்படி இரண்டு பேர் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது.

"உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறன்?" என்றேன்.

"திரும்பிப் போற ரெயினையும் நீங்களே கேளுங்கோ. அது போதும்," என்றாள் சபைக்காரி.

கேட்டேன். சரியான பாதியில்தான் ஏறினோம். வழியில் மகள் அழைத்தாள். எனக்கென்று ஒதுக்கி வைத்த அறைக்குத் திரைச்சீலை வாங்கக் கடையில் நிற்கிறாளாம். என்ன நிறம் வேண்டும் என்று வழக்கம்போல் டெனிஷில் கேட்டாள்.

"உனக்குப் பிடிச்ச நிறத்திலை வாங்கு பிள்ளை. நான் வந்து போற நேரம் அந்த அறையிலை படுக்கிறன்."

"வந்து போற நேரமோ?" இந்த முறை தமிழில் கேட்டாள். "ஆர் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வாறது?"

"ஒருத்தரும் வேண்டாம். நான் ரெயினிலை வாறன்."