கணவருக்குப் பதிலாக வந்தவர்

ஒருவருக்குப் பதிலாக வந்தவர் அவரைவிட நன்றாக வேலை செய்துவிட்டால், அந்த வேலை யாருடையது? பனியன் கம்பெனியில் நான் ஆட்கள் நிர்வாகத்தைக் கவனித்துவந்தபோது எழுந்த கேள்வி இது. காய்ச்சலில் படுத்த டெய்லர் ஒருவர், வேலை போய்விடுமோ என்று பயந்து, தம் அடையாள அட்டையைக் கொடுத்து மனைவியை அனுப்பியிருந்தார். அட்டையிலிருந்த அவர் படத்தில் பெரிய மீசை இருந்தது. மதியத்துக்குள் அந்த அம்மா கணவரின் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டார்.

"ஏனுங்க சார், மீசைக்காரர நிறுத்திட்டு இந்தம்மாவையே வரச் சொல்லிடலாங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

நான் வேதியியல் பட்டதாரி. பதிலீட்டு வினையில் புதிய அணு வந்தால் பழையது வெளியேறியே ஆக வேண்டும். ஒப்பந்தச் சட்டமோ, ஆள் மாறுவதற்குச் சம்பந்தப்பட்ட எல்லோருடைய சம்மதத்தையும் கேட்கிறது. ஆகவே அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"அவர நிறுத்திட்டீங்கன்னா, ஊட்ல நாள் பூரா அவர் பேச்ச யாருங்க கேக்கறது? ரெண்டு பேருக்கும் மெஷின் குடுத்துருங்க."

அடுத்த வாரம் முதல் இருவரும் தனித்தனி அட்டைகளோடு வேலைக்கு வந்தார்கள்.