இடது பக்கத்து சைலன்சர்

என் கணவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தியதில் இரண்டு கைகளிலும் பிடிப்பு போய்விட்டது. ஆபரேஷன் முடிந்த பிறகும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய மோட்டார் சைக்கிளும் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

இரட்டை சிலிண்டர், இன்ஜெக்‌ஷன் வண்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் அதில்தான் காவாந்தண்டலத்து நிலத்துக்குப் போய்வருவார். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பேன். அப்படி ஒருநாள், சூடேறியதும் எஞ்சின் சத்தம் தானாக ஏறி ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை விட்டால் இடது சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது.

உத்திரமேரூர் கடைத்தெரு மெக்கானிக் வந்து ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு எர்ரரும் காட்டலக்கா. த்ராட்டில் பாடிய மாத்திப் பாக்கலாமா?"

"இன்னா கோளாறுன்னே தெரியாம எதுக்குப்பா மாத்தணும்? வூட்லயே பாத்துக்கறோம்" என்றார் என் கணவர்.

வீட்டில் என்றால் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு வந்து, சமைத்து, அவர் கைகளுக்குப் பயிற்சி கொடுத்து முடித்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாது. மிச்சமிருந்த சனி ஞாயிறும் வண்டிக்குப் போனது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், நான் செய்வேன்.

முதலில் பிளக்குகளைக் கழற்றினேன். வலது பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. இடது வெளுத்துப் போயிருந்தது.

"அந்தப் பக்கம் பெட்ரோல் பத்தல. இல்லன்னா காத்து ஜாஸ்தி போவுது. பெட்ரோல் பீச்சற ரெண்டு இன்ஜெக்டரையும் இடம் மாத்தி மாட்டு."

மாற்றினேன். அப்போதும் இடது பக்கம்தான் வெடித்தது. அப்படியென்றால் இன்ஜெக்டரில் குறையில்லை. அடுத்தது, இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு பலகையில் நிறமில்லாத டியூபை வளைத்து அடித்து, அதில் பாதிவரை ஆயில் ஊற்றினோம். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன மூக்கு உண்டு. அவற்றின் ரப்பர் மூடிகளை எடுத்துவிட்டு, டியூபின் இரு முனைகளையும் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரை வேகமாகத் திருகிவிட்டேன் போல. எஞ்சின் அத்தனை ஆயிலையும் உறிஞ்சிக்கொண்டது. தெரு முழுக்க வெள்ளைப் புகை.

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, "இன்னாம்மா, கொசு மருந்து அடிச்சிக்கினு கீறீங்களா?" என்றார்.

"மெதுவான்னு சொன்னேன்ல! காது கேக்கல?" என்று என் கணவர் கத்தினார்.

நான் ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாதத்தை ஊட்டும்போதுகூட நான் சுவரைத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் ஆயில் ஊற்றி டியூபை மாட்டினேன். இந்த முறை ஆயில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. எஞ்சின் சீராக ஓடியது. அப்பாடா என்று டியூபைக் கழற்றி மூடிகளைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், பழைய கதை. திரும்ப மாட்டினேன், சரியாக ஓடியது. எடுத்தேன், கெட்டது. இடுப்பு விட்டுப்போய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"டியூப மாட்னா நல்லாத்தான் கீது, எடுத்தா கெட்டுப்போவுது. டியூபோடவே வெச்சிக்கோங்க, என்னால ஆவாது."

அவர் நாற்காலியிலிருந்து குனிந்து டியூப் முனையைப் பார்த்தார். பிறகு, "அந்த மூடிய எடுத்துக்கினு வா" என்றார்.

இடது மூடியை அவர் கண்ணெதிரே பிடித்து விரலால் வளைத்தேன். அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அது வழியாகத்தான் எஞ்சின் இத்தனை நாளும் கள்ளக்காற்றை இழுத்திருக்கிறது. டியூப் அந்த மூக்கை அடைத்திருந்தபோது மட்டும் ஒழுங்காக ஓடியிருக்கிறது. மெக்கானிக் கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கிவந்து போட்டேன். இரண்டு சைலன்சரும் ஒரே மாதிரி உறுமின. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

"சரியாப்போச்சு. இனிமே இத யாரு ஓட்டறது?" என்றேன்.

"வித்துடலாம்."

"விக்கறதுக்கா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?"

"கோளாறான வண்டிய இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியா?"

அவர் அந்த வண்டியை விடவே மாட்டார், கை சரியாகும் என்று பிடிவாதமாக நம்பிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளுக்குள் எரிச்சல்பட்டதெல்லாம் அதற்குத்தான். அவரோ எனக்கு முன்னாலேயே முடிவு செய்திருந்தார்.

கூரம் என்ற ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து வாங்கிக்கொண்டார். வண்டிக்கு என்னென்ன செய்தோம் என்று அந்த வெடித்த மூடி உட்பட எல்லாவற்றையும் என் கணவர் அவரிடம் சொன்னார். அந்தப் பெண் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்கரைப் பக்கம் வண்டி திரும்பிய பிறகும் இவர் கேட்டருகிலேயே நின்றார். நான் உள்ளே போய் வெறும் தரையில் படுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து முழங்கையால் ஃபேன் சுவிட்சைப் போட்டது காதில் விழுந்தது. கண்ணைத் திறக்காமல் அப்படியே தூங்கிப்போனேன்.