பேருந்துக்குப் பின்னால் என் முகம்

அரியலூரில் நான் தையல் வகுப்பு ஆரம்பித்தபோது, முதல் மாதம் இரண்டே பெண்கள்தான் சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். செந்துறைக்கு ஓடும் தனியார் பேருந்தின் முதலாளி அவருக்குப் பழக்கம். பேருந்தின் பின்பக்கம் விளம்பரம் எழுதிக்கொள்ள அவரும் சம்மதித்தார்.

பெரம்பலூரிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். பேருந்து ஓடாத ஒரு நாளில், ஷெட்டில் வைத்தே வரைந்தார். தையல் மிஷின் அச்சு அசலாக வந்துவிட்டது. அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் டீச்சருக்காக என்னை எதிரே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். மதியம் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டுத் திரும்பினால், படத்தில் எனக்குக் கறுப்புக் கண்ணாடி!

"நான் கண்ணாடியே போடுறதில்லையேங்க?" என்றேன்.

"ஒரு கண்ணு கொஞ்சம் மேல ஏறிப்போச்சு டீச்சர். அதான் கூலிங் கிளாஸ் போட்டு மறைச்சுட்டேன். எடுப்பா இருக்குல்ல?"

எடுப்பாகத்தான் இருந்தது. பேருந்து மறுநாளே கிளம்பிப் போய்விட்டது.

அந்த வாரம் காய்கறிக் கடையில் தெரிந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுல ஆபரேஷன் பண்ணிருக்காமே, இப்பத் தேவலையா?" அன்று மட்டும் மூன்று பேர் விசாரித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இரண்டு நாள் கழித்து, செந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளோடு வகுப்புக்கு வந்தார். வாசலிலேயே நின்று என் கண்களை உற்றுப் பார்த்தார்.

"பஸ்ல பாத்தோம். ஆபரேஷன் பண்ண கண்ணோட ஊசில நூலு கோக்க முடியுதுங்களா?"

மேசையிலிருந்து மிகச் சிறிய ஊசியாக எடுத்து, ஒரே மூச்சில் கோத்து அவரிடம் நீட்டினேன். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மகளிடம், "உள்ள போயி உக்காரு" என்றார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட ஓவியர் மிகவும் சங்கடப்பட்டார். அடுத்த ஓய்வு நாளில் தானாகவே வந்து முகத்தை அழித்துவிட்டு, டீச்சர் குனிந்து தைப்பதுபோல மாற்றி வரைந்தார். கண்ணே தெரியவேண்டிய அவசியமில்லை. கெட்டிக்காரர்!

ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மிஷின் வாங்கவேண்டியிருந்தது. பிறகு ஸ்டிக்கர் விளம்பரங்கள் வந்தன. என் போட்டோவையே பெரிதாக அச்சிட்டு அதே பேருந்தில் ஒட்டினோம். ஒட்டிய அன்று என் மொபட்டில் பேருந்தின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். நடத்துநர் பின்படியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏறணுமா டீச்சர்? நிறுத்தச் சொல்லவா?"

"வேணாங்க, சும்மா பாத்துட்டு வரேன்" என்று கத்தினேன்.